வீராச்சாமி கட்டாத சுவர்

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கிறீர்கள். சுத்தியல் பிடிக்கவும், திசைகாட்டி வைத்துப் பாறையின் சாய்வு பார்க்கவும் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். அதை நானும் தொடங்கினால் நீங்கள் கொட்டாவி விடுவீர்கள். பார்த்த பாறையைப் பற்றி ஊரார் முன்னால் வாயைத் திறப்பது எப்படி என்று மட்டும் எந்த வகுப்பிலும் சொல்லித்தருவதில்லை. எனக்கும் யாரும் சொல்லித்தரவில்லை. கருப்பையாவும் வீராச்சாமியும்தான் அந்த வகுப்பை எனக்கு எடுத்தார்கள். மச்சினனும் மச்சானுமான அந்த இருவருக்கும் வகுப்பெடுக்கும் எண்ணம் எதுவும் இருக்கவில்லை.

அறுபதுகளின் தொடக்கம். மழை பொய்த்திருந்த வருஷம். புதுக்கோட்டை அப்போது தனி மாவட்டமில்லை, திருச்சியோடு சேர்ந்திருந்தது. நான் நிலத்தடி நீர் பார்க்கும் பிரிவில் இளநிலை ஆள். பொன்னமராவதிக்குப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து தாசில்தாருக்கு ஒரு புகார் போயிருந்தது. கருப்பையா என்ற விவசாயி, தன் தங்கை புருஷன் வீராச்சாமி ஏதோ தில்லுமுல்லு செய்து தன் கிணற்று ஊற்றை அடைத்துவிட்டார் என்று புகார் சொல்லியிருந்தார். இருவரின் கிணறுகளும் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தன. வீராச்சாமியின் கிணற்றில் அந்தக் கோடையிலும் மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கமலை ஓடிக்கொண்டிருந்தது. கருப்பையாவின் கிணற்றில் தவளைகூடக் குடியிருப்பை மாற்றிக்கொண்டு போய்விட்டது. இதில் நியாயம் என்ன என்று தாசில்தாருக்கு விளங்கவில்லை. பாறை சம்பந்தப்பட்ட விஷயம் என்று எங்கள் பக்கம் தள்ளிவிட்டார். என் மேலதிகாரி அதை என் பக்கம் தள்ளினார்.

போய்ப் பார்த்தவுடனேயே எனக்குப் புரிந்துவிட்டது. இரண்டு கிணறுகளுக்கும் நடுவே, வயல் வரப்புகளைப் பற்றி எந்தக் கவலையும் இல்லாமல், வடக்கு தெற்காக ஒரு கருப்புக் கல் வரிசை ஓடியது. பூசணிக்காய் அளவிலிருந்து யானைக்குட்டி அளவு வரை உருண்டை உருண்டையான கற்கள். சுற்றிலும் இருந்த பாறையெல்லாம் வெளிர் நிறம். கருப்பையாவின் வறண்ட கிணற்றில் கயிறு பிடித்து இறங்கினேன். மேற்குப் பக்கச் சுவரில் வெளிர் பாறை சட்டென்று நின்று, கத்தியால் வெட்டிய மாதிரி அந்தக் கருப்புக் கல் தொடங்கியது. சேர்கிற இடத்தில் வெளிர் பாறை வெந்து இறுகியிருந்தது. புத்தகத்தில் படமாகப் பார்த்ததை முதல்முறையாக விரலால் தொட்டேன். சந்தோஷத்தில் கிணற்றுக்குள் தனியாகச் சிரித்திருக்கிறேன். மேலே இருந்தவர்கள் அதையும் கவனித்திருக்கிறார்கள்.

அது என்னவென்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். ரயிலில் பம்பாய்க்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். மலையைத் தாண்டும் இடத்தில் குன்றுகள் படிக்கட்டு போல அடுக்கடுக்காக இருக்கும். ஒவ்வொரு படியும் ஒரு காலத்தில் ஓடிவந்து உறைந்த எரிமலைக் குழம்பு. ஒற்றை மலை உச்சி வெடித்து வந்ததல்ல அது. நீள நீளமான விரிசல்கள் வழியே வெள்ளமாகப் பொங்கி, நாடு நாடாக மூடிய குழம்பு. அப்படிப் பொங்கும்போது மேலே வந்து சேராமல் விரிசலுக்குள்ளேயே உறைந்துபோகிற பங்கும் உண்டு. அது நின்றவாக்கில் ஒரு பலகையாகப் பூமிக்குள் நிற்கும். டைக் என்பார்கள். நம் பக்கத்து டைக்குகள் அந்தப் பம்பாய்ப் பக்கத்துக் குழம்பு வெள்ளத்துக்குப் பிறந்தவையல்ல, அதைவிட மிக மிக மூத்தவை. அவற்றின் தலைக்கு மேல் ஒரு காலத்தில் குழம்பு ஓடியிருந்தாலும், அது எப்போதோ கரைந்து போயிற்று. உள்ளே உறைந்தது மட்டும் நிற்கிறது. மேற்கேயிருந்து சரிவில் கசிந்து வரும் நிலத்தடி நீர் அதில் முட்டித் தேங்குகிறது. வீராச்சாமியின் கிணறு முட்டும் பக்கம். கருப்பையாவின் கிணறு மறுபக்கம். அவ்வளவுதான் விஷயம்.

இதைக் கிணற்றுக்குள்ளேயே மனசுக்குள் அழகாகக் கோத்துக்கொண்டு மேலே ஏறினேன். பாதி ஊர் கூடியிருந்தது. டைக் என்ற சொல்லை அவர்களுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்து, நல்ல தமிழ்ச் சொல் ஒன்றைப் பிடித்தேன்.

"பூமிக்கு அடியில ஒரு சுவர் இருக்கு," என்றேன்.

கருப்பையா தோளிலிருந்த துண்டை எடுத்து உதறினார். "எல்லாரும் கேட்டுக்கங்க. நான் சொல்லல. ஆபீசரு சொல்றாரு."

"அது மனுஷர் கட்டின சுவர் இல்லைங்க. கல்லே குழம்பா உருகி, கீழேயிருந்து தானா மேலே வந்து…"

"தானா வந்த சொவரு," என்றார் கருப்பையா நிதானமாக, "இம்புட்டுப் பூமியிருக்க, எங்க மச்சான் கெணத்தோரமாப் பாத்து வந்து நிக்குமாக்கும்."

கூட்டத்தில் ஒருவர், அந்தக் குழம்பு இன்னும் சூடாக இருக்குமா, மாடு கட்டலாமா என்று கேட்டார். இன்னொருவர், கல் உருகுகிற அளவுக்கு அடுப்பு வைத்தது யார் என்று விசாரித்தார். எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்டினால் புரிந்துவிட்டது என்று நினைக்கிற வயது எனக்கு. வேலை முடிந்தது என்று பொன்னமராவதிக்கு வந்து, கடைத்தெருவில் எடுத்திருந்த அறையில் நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை டீக்கடை வாசலில் ஒரு அம்மாள் என் எதிரே வந்து நின்றார். வண்டி பூட்டிக்கொண்டு வந்திருந்தார். அவர் அழகம்மை. கருப்பையாவின் தங்கை, வீராச்சாமியின் மனைவி.

"நீங்கதானே பாறை ஆபீசரு?"

"ஆமாங்க."

"சொவரு இருக்குன்னு சொன்னது நீங்கதானே?"

"இருக்குங்க. ஆனா அது…"

"ஆனாவெல்லாம் எங்க வீட்டுக்கு வந்து சேரல தம்பி. சொவரு மட்டுந்தான் வந்துச்சு."

பிறகு விஷயத்தைச் சொன்னார். அவர் மகளுக்கும் கருப்பையாவின் மகனுக்கும் கல்யாணம் பேசி, பரிசம் போட்டாகிவிட்டது. நேற்றுச் சாயங்காலம் கருப்பையா வந்து, சுவரை எடுத்தால்தான் தாலி என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கட்டாத சுவரை எப்படி எடுப்பது என்று வீராச்சாமி கேட்டிருக்கிறார். கட்டவில்லை என்றால் இடிப்பதில் உமக்கென்ன வருத்தம் என்று கருப்பையா திருப்பிக் கேட்டிருக்கிறார். காலையிலேயே பாறைக்கு வேட்டு வைக்கிற அந்தோணி என்பவரைக் கூட்டி வந்து கிணற்றில் இறக்கியும் விட்டார். வேட்டு வைத்தால் அந்தப் பக்கம் பெண் கொடுப்பதில்லை என்று வீராச்சாமியும் சொல்லிவிட்டார்.

"எங்க அண்ணன் பையன் சாப்புடாமக் கெடக்கான். எம் மக பேசாமக் கெடக்கா. ரெண்டு கெழவனுகளுந்தான் தெம்பா இருக்காக. நீங்க தொறந்து வுட்டது, வந்து மூடிட்டுப் போங்க," என்றார் அழகம்மை.

புதுக்கோட்டை பஸ் அந்நேரம் வந்து நின்றது. அதைப் பார்த்தேன். அவரையும் பார்த்தேன். வண்டியில் ஏறிக்கொண்டேன்.

போகும் வழியில்தான் எனக்கு வேட்டின் முழு அர்த்தம் உறைத்தது. கல்யாணத்தைக்கூட நாலு பேர் பேசிச் சரிசெய்யலாம். அந்தச் சுவரை உடைத்தால் திரும்ப வைக்க முடியாது. அதற்குக் கிழக்கே சரிவில் இருக்கிற நிலமெல்லாம் விரிசல் விழுந்த பாறை. தேங்கி நிற்கிற தண்ணீர் கருப்பையாவின் கிணற்றில் ஒரு நாள் குதித்துவிட்டு, மறுநாளே கிழக்கே ஓடைப் பக்கம் வடிந்து போகும். மழையில்லாத வருஷத்தில் இரண்டு கிணறும் சேர்ந்து வறளும். ஆனால் அவர்களைத் தடுக்க என்னிடம் எந்த அதிகாரமும் இல்லை.

போய்ச் சேர்ந்தபோது வீராச்சாமி கருங்கல் உருண்டை ஒன்றின்மேல், யாரோ படம் பிடிக்கப் போகிறார்கள் என்பதுபோல உட்கார்ந்திருந்தார். கிணற்றுக்குள்ளிருந்து அந்தோணி துளை போடும் சத்தம் வந்தது.

"கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க," என்றேன் கருப்பையாவிடம்.

"என் நெலம், என் கெணறு, நீங்க சொன்ன சொவரு," என்றார்.

அந்தோணி மேலே வந்து, துளை தயார், வெடிமருந்து திணிக்கலாம் என்றார். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்துக் கிணற்றுக்குள் இறங்கினேன்.

"என்ன சார் பண்ணப் போறீங்க?" என்று மேலேயிருந்து கேட்டார்கள்.

"உக்காரப் போறேன்."

துளைக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்துகொண்டேன். மேலே அண்ணாந்து பார்த்தால் வட்டமாக வானம், வட்டத்தைச் சுற்றித் தலைகள். பிறகு அந்தோணியின் குரல் கேட்டது: "ஆளு உள்ள இருக்கையில திரி பத்த வைக்க மாட்டேங்க. எங்க அப்பாரு காலத்துலருந்து அதான் வழக்கம்." அந்த வழக்கத்தை ஏற்படுத்திய அவர் அப்பாவை மனசுக்குள் கும்பிட்டேன்.

"எம்புட்டு நேரம் உக்காருவீங்க?" என்றார் கருப்பையா.

"என் கூட ஒரு தடவை இந்தக் கல் வரிசையோட நடந்து பாத்துட்டு வாங்க. வந்த பின்னாடியும் இது உங்க மச்சான் கட்டினதுதான்னு உங்களுக்குத் தோணுச்சுன்னா வேட்டு வைங்க. நான் குறுக்க வரல."

சொல்லிவிட்டேனே தவிர, அந்தக் கல் வரிசை பக்கத்து வயலைத் தாண்டி எங்கே போகிறது என்று நான் பார்த்திருக்கவில்லை. இத்தகைய சுவர்கள் பெரும்பாலும் வெகு தூரம் ஓடும். சில சமயம் சும்மா நின்றும் போகும். இது எந்த ரகம் என்று எனக்குத் தெரியாது. தெரியாததைப் பந்தயம் வைத்திருந்தேன்.

"நடந்தா என்னண்ணே, கொறஞ்சா போயிருவ?" என்று அழகம்மையின் குரல் கேட்டது. கருப்பையா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார், நான் மேலே ஏறினேன்.

தெற்கே நடந்தோம். முன்னால் நான், எனக்குப் பின்னால் கருப்பையா, அவருக்குத் தள்ளி வீராச்சாமி, நடுவில் இருவரும் நெருங்காதபடி அழகம்மை. அவர்களுக்குப் பின்னால் ஊர். அந்தோணியும் மருந்துப் பையோடு வந்தார். அதை எங்கேயாவது வைத்துவிட்டு வாருங்கள் என்றேன். மருந்தைத் தனியாக விட்டுவிட்டு வரக்கூடாது என்பதும் அவர் அப்பா காலத்து வழக்கம்.

முதலில் எல்லாம் நன்றாகப் போயிற்று. உருண்டைகள் வரிசையாக வந்தன. உழுதுபோட்ட புன்செய்க் காடு ஒன்று வந்த இடத்தில் காணாமல் போயின. சமதளமான செம்மண், ஒரு கருப்புக் கல் இல்லை.

"சொவரு முடிஞ்சுபோச்சு போலருக்கே," என்றார் கருப்பையா திருப்தியாக. "அம்புட்டுத்தான் கட்டிருக்காரு."

கொஞ்சம் நின்று சுற்றிப் பார்த்தேன். நாடே காய்ந்து கிடந்த அந்தக் கோடையில், அந்தக் காட்டின் குறுக்கே வேம்பும் பனையும் பூவரசுமாக ஒரு பச்சைக் கோடு தெற்கே போனது. தண்ணீர் முட்டித் தேங்குகிற இடத்தில்தான் மரத்துக்கு அந்தத் தைரியம் வரும். சுவர் புதைந்திருந்ததே தவிர முடிந்திருக்கவில்லை. இருந்தாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. "இப்படி வாங்க," என்று மரங்களின் ஓரமாக நடந்தேன். திரும்பிப் பார்க்கவேயில்லை. பார்த்தால் என் முகம் காட்டிக்கொடுத்துவிடும். காட்டின் மறு கோடியில் கருங்கல் உருண்டை ஒன்று மண்ணிலிருந்து தலைநீட்டிக்கொண்டிருந்தது. அதைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்திருப்பேன். உத்தியோகத்தில் இருந்ததால் காலால் லேசாகத் தட்டிக் காட்டினேன்.

அங்கிருந்து அது அடுத்த ஊர் எல்லைக்குள் போனது. அந்த ஊர்க் கண்மாய்க் கரைக்கு அடியில் நுழைந்தது. பழைய காலத்தில் கரை போட்டவர்கள் அந்தக் கருங்கல் வரிசையையே அடித்தளமாக வைத்துத்தான் மண் கொட்டியிருக்கிறார்கள். கரைமேல் பெரிய மீசைக்காரர் ஒருவர் ஆடு மேய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றார். இவ்வளவு பெரிய கூட்டம் வருவதைப் பார்த்து, "என்னப்பா, எங்கிட்டுக் கெளம்பிட்டீக?" என்றார்.

எங்கள் கூட்டத்தில் ஒருவர் சொன்னார்: "எங்க ஊரு வீராச்சாமி பூமிக்குள்ள ஒரு சொவரு கட்டிருக்காராம். அது எதுவரைக்கும் போகுதுன்னு பாக்க வந்தம். ஒங்க கம்மாக் கரைக்குள்ள போகுது."

மீசைக்காரர் கரையைப் பார்த்தார். வீராச்சாமியைப் பார்த்தார். யோசித்தார்.

"இது அவரு கட்டுனதா? சந்தோசம். போன பெருமழையில இந்தக் கரை ஒடஞ்சு எங்க வெள்ளாமை பூரா போச்சு. யாரைக் கேக்கன்னு தெரியாம இருந்தம். அப்ப மராமத்து அவருதான் பாக்கணும்."

வீராச்சாமி வாயைத் திறக்குமுன், யாரும் எதிர்பாராத இடத்திலிருந்து பதில் வந்தது. கருப்பையா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"யாரு மராமத்துப் பாக்கணும்? எங்க மச்சான் எதுக்குப் பாக்கணும்? ஒங்க கம்மாயில எங்க மச்சானுக்கு என்ன சோலி?"

"நீங்கதானப்பா சொவரு கட்டுனாருன்னீக."

"இந்தாளு மாட்டுக் கொட்டகைக்கே இன்னும் சொவரு வைக்கலங்க. தட்டி கட்டி வச்சிருக்காரு. இம்புட்டுத் தூரம் சொவரு எழுப்பக் கொத்தனாருக்குச் சோறு போடணும். வந்த விருந்தாளிக்கே ரெண்டாம் தடவை மோரு ஊத்த மாட்டாரு எங்க மச்சான். இவரு கட்டுனாருன்னா ஊரு சிரிக்கும்."

"கொட்டகைய எதுக்கு இப்ப இழுக்குற?" என்றார் வீராச்சாமி. நடக்கத் தொடங்கியதிலிருந்து மச்சினனிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது.

உருகிய கல்லும் விரிசலும் சாதிக்காததை மோர் சாதித்தது. திரும்பும் வழியில் கருப்பையாவும் வீராச்சாமியும் பக்கத்தில் பக்கத்தில் நடந்து, அடுத்த ஊர்க்காரர்களின் பேராசையைப் பற்றி ஒரே குரலில் பேசிக்கொண்டு வந்தார்கள்.

கிணற்றடிக்கு வந்ததும் கருப்பையா என்னைப் பிடித்தார். "சரிங்க. தானா வந்த சொவருன்னே வச்சுக்குவம். இப்பக் கேக்குறதுக்குப் பதில் சொல்லுங்க. ஒடச்சா எங் கெணத்துக்குத் தண்ணி வருமா, வராதா?"

வராது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்தோணி வீட்டுக்குப் போயிருப்பார். வாய் வரை வந்தது. ஆனால் பொய் சொல்லி நிறுத்துகிற வேட்டு, நான் பஸ் ஏறிய மறுநாள் வெடிக்கும்.

"வரும்," என்றேன். "வந்துட்டு ஓடைக்குப் போயிரும். உங்க பக்கத்துப் பாறை பூரா விரிசல். இந்தச் சுவர் இல்லைன்னா மச்சான் கெணறும் உங்க கெணறு மாதிரிதான் கிடக்கும். தண்ணியை அது உங்ககிட்டருந்து மறிக்கலை. இந்த ஊருக்காகப் பிடிச்சு வச்சிருக்கு."

அந்தோணி பையின் வாரை இறுக்கிக் கட்டினார்.

"அப்ப எம் பயிருக்கு என்ன பண்ண?" என்றார் கருப்பையா. அதில் சண்டை இல்லை. அதனாலேயே பதில் சொல்வது கஷ்டமாக இருந்தது.

கல் வரிசைக்கு மேற்கே அவருக்கு நிலம் ஏதும் உண்டா என்று கேட்டேன். வைக்கோல் போர் போடுகிற ஒரு துண்டு உண்டு என்றார். போய்ப் பார்த்தேன். சுவரை ஒட்டி, சரிவின் மேல்பக்கம். போரைத் தள்ளிவைத்துவிட்டு அங்கே வெட்டலாம் என்றேன். சொன்ன கையோடு, யாரும் கேட்காததையும் சொன்னேன்: "ஆனா ரெண்டு கெணறும் ஒரே தொட்டி. இங்க எறைச்சா அங்க எறங்கும். அளவா எடுத்துக்கிட்டா ரெண்டு பேருக்கும் போதும்."

வீராச்சாமிக்கு முகம் மாறிவிட்டது. "அப்ப எதுக்கு அவருக்கு எடம் காட்டுறீங்க?"

அழகம்மை புருஷன் பக்கம் திரும்பினார். "நாளைக்கு ஒங்க மக எந்தக் கெணத்துத் தண்ணியில ஒலை வைக்கப் போறா? வாழப் போற வீட்டுக் கெணறு வத்திக் கெடந்தா ஒங்களுக்குக் குளுகுளுன்னு இருக்குமோ?" பிறகு அண்ணன் பக்கம்: "நீ ஒருநாள் கமலை பூட்டு, அவுக ஒருநாள் பூட்டட்டும். முந்திக்கிட்டு ரெண்டு நாள் பூட்டுறவுக வீட்டுல நான் பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன்." தொழில்நுட்ப ஆலோசனை அத்தோடு முடிந்தது.

அலுவலகத்துக்குத் திரும்பி மேலதிகாரியிடம் சொன்னேன். அவர் பல வருஷம் மேற்கே அந்தக் குழம்பு நாட்டில் வேலை பார்த்தவர். என்ன சொல் சொன்னாய் என்று கேட்டார். சுவர் என்றேன். "நான் ஒரு ஊரில் விரிசல் என்று சொன்னேன்," என்றார். "பூமி பிளக்கப் போகிறது என்று ஆடு மாடோடு கிளம்பிவிட்டார்கள். பின்னாலேயே ஓடி, ஆற்றங்கரையில் மடக்கினேன்."

ஆகவே, தம்பிகளே, இந்தச் சொல்தான் சரியான சொல் என்று நான் உங்களுக்கு எதையும் எழுதித்தரப் போவதில்லை. எந்தச் சொல்லைச் சொன்னாலும் கேட்கிறவர் வீட்டில் அது வேறாகத்தான் போய் இறங்கும். சொன்னவுடனே பஸ் பிடிக்காதீர்கள். ஒரு டீ குடித்துவிட்டு, என்ன காதில் விழுந்தது என்று அவர்களையே திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு வாருங்கள். சில ஊர்களில் ஒன்றுக்கு மேற்பட்ட டீ தேவைப்படும்.

வைக்கோல் போர்க் கிணற்றில் தண்ணீர் வந்தது. வெட்டிக்கொண்டிருந்த நாட்களில் நான் சரியாகச் சாப்பிட்டதாக ஞாபகமில்லை. கல்யாணத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். பந்தியில் எனக்கு ஒரு பக்கம் கருப்பையாவும் மறுபக்கம் வீராச்சாமியும் உட்கார்ந்தார்கள். சாம்பார் வந்து போனதும் வீராச்சாமி என் காதோரம் சாய்ந்தார்.

"அவரு பூட்டுற நாள்ல எங் கெணத்துல ஒரு மொழம் எறங்கிப் போகுது."

"எறங்கும்னு சொன்னேனேங்க."

"சொன்னீங்க. அதான் யோசிச்சேன். இந்த ரெண்டு கெணத்துக்கும் நடுவுல அதே மாதிரி ஒரு சொவரு, சின்னதாப் போதும், வரவழைக்க முடியுமா?"

கருப்பையாவுக்குக் காது கூர்மை. "வரவழைங்க மச்சான். அப்படியே மாட்டுக் கொட்டகைக்கும் ஒன்னு வரவழச்சுக்கங்க."

ரசவாளியோடு வந்த அழகம்மை எங்கள் மூவருக்கும் முன்னால் நின்றார். "சொவருன்னு யாராச்சும் இன்னொரு தடவ சொன்னா, பாயசம் இங்கிட்டு வராது," என்றார் என்னையும் சேர்த்துப் பார்த்து.

நான் ரசம் நன்றாக இருக்கிறது என்றேன்.